நட்சத்திரத்தைக் கொடுத்து நாளையை வாங்கலாமா?

ஓர் அணியில் ஒரே ஒரு பெரிய ஆட்டக்காரர் இருக்கிறார். கூட்டம் அவருக்காகவே வருகிறது. அவரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக இன்னும் பெயர் வாங்காத இளைஞர்களையோ, அவர்களைப் பின்னாளில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையையோ வாங்கினால் அது லாபமா, நட்டமா? விளையாட்டு ஒரு தொழிலான நாள்முதல் இந்தக் கேள்வி இருந்துவருகிறது. அணி மேலாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள்; பொருளியல் அறிஞர்கள் வேறு பதில் சொன்னார்கள்; நீதிமன்றத்துக்குப் போன ஆட்டக்காரர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள்.

காரமடைப் பக்கம் வாழை போடுகிறவர்களுக்கு இதன் சாரம் எளிதில் பிடிபடும். தார் தள்ளிய மரம் ஒருமுறைதான் பலன் தரும். அதன் அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளில் எதை விடுவது, எதை அறுப்பது என்பதில்தான் மறுதாம்பின் விளைச்சல் இருக்கிறது. கன்றுகளை அளவுமீறி விட்டால் இப்போதைய தார் சிறுத்துப்போகும். எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் அடுத்த வருசத்துக்கு ஒன்றும் இருக்காது. ஒரே நிலத்தின் சத்தை இன்றைய தாருக்கும் நாளைய கன்றுக்கும் பங்கிடுவதுதான் அணி மேலாளரின் வேலையும்.

கோவைக்கு இது எங்கோ நடக்கும் விவாதம் இல்லை. 2019இல் ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி., பெயரில்தான் சென்னை. தன் சொந்த ஆட்டங்களை ஆடியது கோவை நேரு விளையாட்டரங்கில். அடுத்த சில ஆண்டுகளில் அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு அணியே ஐ-லீக்கில் இல்லை. நட்சத்திரங்கள் போனதற்கு ஈடாக இந்த ஊருக்கு எதிர்காலம் என்று ஏதாவது கிடைத்ததா என்ற கேள்வி நிற்கிறது. அதை எடைபோட, முதலில் உலகம் இதற்குச் சொன்ன பதில்களைப் பார்க்க வேண்டும்.

டிராஃப்ட் என்னும் ஏற்பாடு

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்திலிருந்து வேறானது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில், 1930களின் முற்பாதியில் வசதியான அணிகளே நல்ல கல்லூரி ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டன. இதற்கு மாற்றாக, ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல் 1935இல் ஒரு யோசனையை வைத்தார். புதிதாக வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கட்டும். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் முறை, பட்டம் வென்ற அணிக்குக் கடைசி முறை. இதுவே டிராஃப்ட்; எல்லா அணிகளும் ஒருமுறை தேர்ந்தெடுத்து முடிப்பது ஒரு சுற்று.

1936இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயராக அழைக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவரைத் தேர்ந்தெடுத்த ஈகிள்ஸ் அணி, அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக்கொடுத்தது. பெர்வாங்கரோ அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்ட் உரிமையின் இரு இயல்புகளும் அந்த முதல் பெயரிலேயே தெரிந்துவிட்டன. அந்த உரிமையை விற்கலாம், மாற்றலாம். வாங்கியவருக்கு அது ஒன்றுமில்லாமலும் போகலாம்.

முதல் நிலைப்பாடு: கொடுத்துவிடு, கட்டி எழுப்பு

நட்சத்திரத்தை விற்பதே புத்திசாலித்தனம் என்பவர்கள் எப்போதும் காட்டும் சான்று டல்லாஸ் கவ்பாய்ஸ். 1989 அக்டோபர் 12 அன்று அந்த அணி தன் ஒரே பெரிய ஆட்டக்காரரான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தது. ஆட்டக்காரர்களும் டிராஃப்ட் உரிமைகளுமாக மொத்தம் 18 இனங்கள் கைமாறிய அந்தப் பேரம், என்.எஃப்.எல். வரலாற்றிலேயே பெரியது என்று சொல்லப்படுகிறது. அந்தப் பருவத்தில் டல்லாஸ் 16 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது.

பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் சூட்சுமம் ஒப்பந்தத்தின் ஒரு விதியில் இருந்தது. மினசோட்டா அனுப்பிய ஆட்டக்காரர் சிலரோடு ஒவ்வொரு டிராஃப்ட் உரிமை கட்டப்பட்டிருந்தது; அந்த ஆட்டக்காரரை டல்லாஸ் விடுவித்தால் உரிமை டல்லாஸுக்கு வரும். வந்த ஆட்டக்காரர்கள் ஆடவே வந்தார்கள் என்று மினசோட்டா நினைத்தது. ஜான்சனின் கண் உரிமைகள்மேல்தான் இருந்தது. அப்படி வந்த உரிமைகளின் வழியே 1990இல் எம்மிட் ஸ்மித்தும், 1992இல் டேரன் உட்சனும் டல்லாஸுக்கு வந்தார்கள். 1993, 1994, 1996 ஆகிய ஆண்டுகளின் ஜனவரி மாதங்களில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டங்களை டல்லாஸ் வென்றது.

இந்தச் சான்றின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். டல்லாஸின் தூணாக நின்ற டிராய் எய்க்மன், மைக்கேல் இர்வின் இருவரும் அந்தப் பேரத்துக்கு முன்பே அணியில் இருந்தவர்கள். வாக்கரை விற்றதால் மட்டும் 3 பட்டங்கள் வந்தன என்பது கதையின் பாதி. மேலும், உரிமைகளைக் குவித்தும் பலன் காணாத அணிகள் உண்டு. 2012இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ், தன் 2ஆவது தேர்வு உரிமையை வாஷிங்டன் அணிக்குக் கொடுத்து, ஈடாக 3 முதல் சுற்று உரிமைகளையும் ஒரு 2ஆம் சுற்று உரிமையையும் வாங்கியது. டல்லாஸுக்கு நிகராகப் பேசப்பட்ட பேரம் அது. ஆனால் 2016 பருவம் வரை ராம்ஸ் ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றியோடு முடிக்கவில்லை. விதை ஒரே மாதிரி வந்தது. நிலம்தான் வேறாக இருந்தது.

இரண்டாம் நிலைப்பாடு: விலையைக் கணக்குப் போடு

1991 வாக்கில் டல்லாஸ் அணிக்காக மைக் மக்காய் ஓர் அட்டவணை தயாரித்தார். டிராஃப்டின் முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 16ஆவது தேர்வுக்கு 1000 புள்ளி என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை. விரைவில் மற்ற அணிகளும் அதே அட்டவணையை வைத்துப் பேரம் பேசத் தொடங்கின.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டால் கையை மூடிக்கொண்டு, தரகரும் வாங்குபவரும் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்க்கலாம். விலை அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கும். அதற்கு முன்பாக வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். இரண்டு பல்லா, நான்கு பல்லா, எட்டும் சேர்ந்துவிட்டதா என்பதிலிருந்து, இன்னும் எத்தனை வருசம் உழைக்கும் என்று கணிப்பார்கள். மக்காயின் அட்டவணை அந்தத் துண்டை எடுத்துவிட்டது எனலாம். ஆனால் வெளியே தெரிந்த விலை சரியான விலைதானா?

அதைச் சோதித்தவர்கள் ஆய்வாளர்களான கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும். 2005இல் முதல் வடிவம் கண்டு, 2013இல் ஆய்விதழில் வெளிவந்த அவர்களது ஆய்வின் முடிவுகள் மேலாளர்களுக்கு உவப்பானவை அல்ல. டிராஃப்டின் முதல் சில இடங்களுக்கு அணிகள் கொடுக்கும் விலை, அந்த இடங்களில் வரும் ஆட்டக்காரர்கள் தரும் பலனைவிட மிக அதிகம். சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அணிக்கு மிச்சம் அதிகமாகத் தருபவர்கள் 2ஆம் சுற்றின் தொடக்கத்தில் வருகிறவர்கள். ஒரே ஆட்ட இடத்துக்கு அடுத்தடுத்துத் தேர்வான இருவரில், முந்தித் தேர்வானவர் மேலாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம்தான். நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். இன்னொன்றும் கண்டார்கள். இந்த வருசத்து உரிமையை இப்போதே பெறுவதற்காக அடுத்த வருசத்து உரிமையை விட்டுக்கொடுக்கும் அணிகள், ஆண்டுக்கு 100 சதவீதத்துக்கும் மேலான வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமமான விலையைக் கொடுக்கின்றன. கந்துவட்டிக்காரரும் கூசும் விகிதம் அது. பொறுமை உள்ளவருக்கு இந்தச் சந்தையில் எதிர்காலம் மலிவாகக் கிடைக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. சம்பள உச்சவரம்பு உள்ள லீகில்தான் மிச்சப் பணத்துக்கு இத்தனை மதிப்பு, என்.எஃப்.எல்.லில் அந்த வரம்பு 1994இல் வந்தது. புதியவர்களின் சம்பளத்தைக் கட்டுப்படுத்திய 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் முதல் தேர்வுகள் முன்னளவுக்கு விலை உயர்ந்தவையாக இல்லை. ஆய்வின் தரவு பெரும்பாலும் அதற்கு முந்தையது. களத்தில் ஒரு நேரத்தில் ஆடக்கூடியவர்கள் 11 பேர்தான் என்பதும் முக்கியம். நல்லவர் மூவரைச் சேர்த்தால் மிக நல்லவர் ஒருவர் ஆகிவிடுவதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: நட்சத்திரத்துக்கு ஈடில்லை

அந்தக் கடைசி வரியிலிருந்தே எதிர்த்தரப்பு தொடங்குகிறது. பொருளியல் அறிஞர் ஷெர்வின் ரோசன் 1981இல் எழுதிய கட்டுரை இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தது. சில துறைகளில் திறமையின் சிறு வேறுபாடு வருமானத்தில் பெரும் வேறுபாடாக விரிகிறது என்றார் அவர். சுமாரான பாடகர் பத்துப் பேரைக் கேட்பதால் ஒரு சிறந்த பாடகரைக் கேட்ட நிறைவு வருவதில்லை. தொலைக்காட்சி போன்ற சாதனங்கள் அந்த ஒருவரையே கோடிப் பேரிடம் கொண்டுபோகின்றன.

இந்த நம்பிக்கையைச் செயலில் காட்டியதும் அதே ராம்ஸ் அணிதான், லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்த பிறகு. 2019இல் ஜேலன் ராம்சிக்காக 2 முதல் சுற்று உரிமைகள்; 2021இல் மாத்யூ ஸ்டாஃபர்டுக்காக மேலும் 2 முதல் சுற்று உரிமைகள், ஒரு 3ஆம் சுற்று உரிமை, கூடவே ஜாரெட் காஃப். எதிர்காலத்தை அள்ளிக் கொடுத்து இன்றையதை வாங்கிய அணி, 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌலை வென்றது. அடுத்த பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி. பட்டத்துக்கு அது நியாயமான விலை என்பார்கள் அவர்கள். ஒரு பட்டம் என்றைக்கும் ஏட்டில் நிற்கும் என்பது உண்மைதான்.

ஆனால் இதே துணிச்சல் 1999இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸைக் கவிழ்த்தது. ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்காக அந்த ஆண்டின் தன் எல்லா உரிமைகளையும், அடுத்த ஆண்டின் முதல், 3ஆம் சுற்று உரிமைகளையும் பயிற்சியாளர் மைக் டிட்கா கொடுத்தார். அணி 3 ஆட்டங்களில் ஜெயித்து 13இல் தோற்றது. டிட்கா வேலை இழந்தார். நட்சத்திரம் வேண்டும் என்பது சரியாக இருந்தாலும், யார் நட்சத்திரம் என்பதை முன்கூட்டியே அறிவது கடினம். ஸ்டாஃபர்டு அப்போதே 12 பருவங்கள் ஆடி நிரூபித்தவர். வில்லியம்ஸ் கல்லூரியிலிருந்து வந்தவர். மூன்றாம் நிலைப்பாடு நிரூபித்தவர் விஷயத்தில் வலுவாகவும், வாக்குறுதி விஷயத்தில் பலவீனமாகவும் நிற்கிறது.

விவாதம் அடங்கவில்லை. 2025 ஆகஸ்டில் அதே டல்லாஸ் தன் தடுப்பாட்ட நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்து, 2 முதல் சுற்று உரிமைகளையும் கென்னி கிளார்க்கையும் வாங்கியது. 1989ஐ நினைவூட்டி அதைப் பாராட்டியவர்களும் உண்டு, அதே 1989ஐ நினைவூட்டி எச்சரித்தவர்களும் உண்டு.

நான்காம் நிலைப்பாடு: ஆட்டக்காரர் யாருடைய உடைமை?

மேலே சொன்ன மூன்றும் ஆட்டக்காரரை ஒரு சொத்தாக எண்ணுகின்றன. மாட்டுச் சந்தை உவமை அங்கேதான் உடைகிறது. காளை தன் விலையை மறுத்துப் பேசாது, மனிதர் பேசுவார். பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட், 1969இல் தன்னைச் செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். தான் வாங்கவும் விற்கவுமான பொருள் இல்லை என்பது அவர் வாதம். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. ஐரோப்பாவில் 1995 டிசம்பர் 15 அன்று வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த கால்பந்து ஆட்டக்காரர் கட்டணமின்றி வேறு மன்றத்துக்குப் போகலாம் என்று நிலைநாட்டியது.

அந்தத் தீர்ப்பு நம் கேள்வியின் வடிவத்தையே மாற்றியது. ஒப்பந்தத்தில் ஓரிரு ஆண்டு மிச்சமிருக்கும்போது விற்கவில்லை என்றால், மன்றம் வெறுங்கையோடு நிற்கும். அதனால் விற்பதா, வேண்டாமா என்பதைவிட எப்போது விற்பது என்பதே பெரிய கேள்வியானது. டிராஃப்ட் இல்லாத ஐரோப்பாவில் ஈடாக வருவது பணம். அந்தப் பணம் எதிர்காலமாக மாறுமா என்பதற்கு இரண்டு எதிரெதிர்ச் சான்றுகள் போதும். 2013இல் டாட்டன்ஹாம், கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. அந்தக் கோடையில் 7 ஆட்டக்காரர்களை வாங்கியது. அவர்களில் நீண்ட காலம் அணியைத் தாங்கியவர் கிறிஸ்டியன் எரிக்சன். 5ஆம் இடத்தில் இருந்த அணி அடுத்த பருவத்தில் 6ஆம் இடத்துக்கு இறங்கியது. 2018 ஜனவரியில் லிவர்பூல், பிலிப் கூட்டின்யோவை பார்சலோனாவுக்கு விற்றது. தனக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று லிவர்பூலுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஜனவரியிலேயே தடுப்புக்கு வான் டைக், கோடையில் கோல்காப்புக்கு அலிசன். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் பிரீமியர் லீக். விற்ற பணத்தைவிட, எதை வாங்க வேண்டும் என்ற தெளிவுதான் இரண்டு மன்றங்களையும் வேறுபடுத்தியது.

இந்தியக் களம்: டிராஃப்டும் ஏலமும்

நம் நாட்டில் டிராஃப்ட் சிறிது காலம் இருந்தது, நிலைக்கவில்லை. ஐ.எஸ்.எல். கால்பந்தில் 2017 ஜூலையில் நடந்த டிராஃப்டில், முதல் தேர்வாக ஜாம்ஷெட்பூர் அணி அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தது. டி.என்.பி.எல். கிரிக்கெட் 2016இல் டிராஃப்டோடு தொடங்கி, 2023இல் ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் லைகா கோவை கிங்ஸ் சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு வாங்கியது, அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துவந்தது 20 லட்சம். பெரிய சந்தையைவிட உள்ளூர்ச் சந்தை ஓர் இளைஞரை உயர்வாக மதிப்பிட்டது. 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் அவர் 96 ரன் எடுத்தார். 2025இல் 759 ரன்களோடு அந்தத் தொடரில் அதிக ரன் எடுத்தவர் ஆனார். சிறிய லீகுகள் கண்டெடுக்கும் இடமாக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஐ.பி.எல்.லில் வருங்கால உரிமைகள் கைமாறுவதில்லை. ஆட்டக்காரரும் பணமும்தான் மாறும், அதுவும் ஆட்டக்காரரின் ஒப்புதலோடு. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி 2 பந்துகளில் தேவைப்பட்ட 10 ரன்னை ஒரு சிக்ஸும் ஒரு பவுண்டரியுமாக அடித்துக் கோப்பையைக் கையில் தந்தவர் ஜடேஜா. அவருக்கு 37 வயது நெருங்கியிருந்தது, சாம்சனுக்கு 31. பல் பார்க்கும் கணக்கில் அது சரி. அந்த 2 பந்துகளின் நினைவுக்கு எந்த அட்டவணையில் எத்தனை புள்ளி என்று கேட்டால், பதில் சொல்ல யாரிடமும் கருவி இல்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஹர்திக் பாண்டியாவைப் பணத்துக்குக் கொடுத்த குஜராத்தும், வாங்கிய மும்பையும் 2024இல் முறையே 8ஆம், 10ஆம் இடங்களில் முடித்தன. பேரத்தில் ஒருவர் தோற்றால் மற்றவர் ஜெயித்தாக வேண்டும் என்பதில்லை.

கபடியில் இன்னொரு பாடம். 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அவர் அந்தப் பருவம் முழுவதும் வெளியே இருந்தார். அந்தப் பருவத்தில்தான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அறிமுக ஆட்டக்காரர் நரேந்தர் 240க்கும் மேல் ரெய்டு புள்ளிகள் குவித்தார். ஒரு பருவத்தை வைத்துப் பொது விதி எழுத முடியாது. ஆனால் நட்சத்திரம் விட்டுச்செல்லும் இடம், வளரக் காத்திருப்பவருக்கான இடமாகவும் ஆகலாம் என்பதை மறுக்கவும் முடியாது.

கோவை, 2019

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கில் பருவத்தின் கடைசி ஆட்டம். 40 புள்ளிகளோடு சென்னை சிட்டி முதலிடம். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் கிடைத்த பெனால்டியை பெட்ரோ மான்சி கோலாக்கினார். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் சமன் போதாது. அதன்பின் கௌரவ் போரா 2 கோல்கள் போட, 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்ததால், 43க்கு 42 என்ற ஒரே புள்ளியில் பட்டம் கோவையில் நின்றது. அந்தப் பருவத்தில் 21 கோல் போட்ட மான்சி, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு முதலிடத்தைப் பகிர்ந்தார். ஆனால் பட்டத்தைத் தீர்மானித்த 2 கோல்கள் நட்சத்திரத்தின் காலிலிருந்து வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளிலிருந்து வந்த மான்சி, நெஸ்டர் கோர்டிலோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ் ஆகியோரோடு, தமிழ்நாட்டின் எட்வின் வான்ஸ்பாலும் ரொமாரியோ ஜேசுராஜும் ஆடினார்கள். 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் மன்றம் 26 சதவீதப் பங்கு எடுத்தது. எதிர்காலம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. கோர்டிலோ 2019இல் ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020 ஜனவரியில், பருவத்தின் நடுவே, ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகதாவுக்குப் போனார். வான்ஸ்பால் 2019இலேயே சென்னையின் எஃப்.சி.க்குப் போயிருந்தார்; 2020இல் ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்குப் போனார்.

இதை நாம் பார்த்த நிலைப்பாடுகளால் எடைபோட்டால், மான்சி போனதைக் குறை சொல்வது கடினம். அவருக்கு அப்போது 31 வயது. இந்தியாவிலிருந்து ஜப்பானின் 2ஆம் நிலை லீகுக்கு அழைப்பு வருவது அரிது. வாக்கரைவிடத் தெளிவான தருணம் அது. ரொமாரியோ, வான்ஸ்பால் விஷயம் வேறு. கட்டி எழுப்பும் அணி தக்கவைத்துக்கொள்ள வேண்டிய கன்றுகள் இவர்கள். ஆனால் அவர்களுக்கு முன்னே இருந்த வழியையும் பார்க்க வேண்டும். 2019-20 பருவத்திலிருந்து ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீகாக ஏற்கப்பட்டது. கோவை வென்ற பட்டம், வென்ற சில மாதங்களிலேயே 2ஆம் படிக்கு இறங்கியது. ஐ-லீகை வென்றவர் மேலே ஏறும் வழி 2022-23 பருவத்துக்குத்தான் திறந்தது. மேலே ஏற முடியாத அணியில் திறமையுள்ள இளைஞரை நிற்கச் சொல்ல எந்த நியாயமும் இல்லை.

பொருளியல் அறிஞர் சைமன் ராட்டன்பர்க் 1956இலேயே பேஸ்பாலை ஆராய்ந்து சொன்னது இங்கே பொருந்துகிறது. ஒப்பந்த விதிகள் எப்படி இருந்தாலும் ஆட்டக்காரர் கடைசியில் தன் திறமைக்கு அதிக மதிப்பு உள்ள இடத்துக்கே போய்ச் சேர்வார். விதிகள் தீர்மானிப்பதெல்லாம் அந்த மதிப்பில் யாருக்கு எவ்வளவு என்பதைத்தான். அப்படியானால் கோவை கேட்க வேண்டிய கேள்வி, ஏன் போனார்கள் என்பது இல்லை. போகும்போது இந்த ஊர்க் கால்பந்துக்கு எதை விட்டுச் செல்ல விதி செய்தது என்பதே.

முடிவானவையும் முடியாதவையும்

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பொறுமை உள்ளவருக்குப் பேரம் பொதுவாகச் சாதகமானது. அவசரத்துக்கு வட்டி அதிகம். நிரூபித்த நட்சத்திரத்தை, அவர் உச்சத்தின் முற்பாதியில் கொடுப்பது அரிதாகவே பலன் தருகிறது. உச்சம் தாண்டும் வேளையில் கொடுப்பது பெரும்பாலும் சரியாகிறது. உரிமைகளின் எண்ணிக்கை தன்னளவில் செல்வம் ஆகாது. டல்லாஸ், ராம்ஸ், டாட்டன்ஹாம், லிவர்பூல் நான்கையும் அருகருகே வைத்தால், தேர்ந்தெடுக்கும் கண்ணும் வளர்க்கும் இடமும் இருந்த அணிகளுக்கே விற்பனை எதிர்காலமாக மாறியது.

தீராதவை மூன்று. நட்சத்திரம் களத்துக்கு வெளியே தருவதை, அதாவது அரங்குக்கு வரும் கூட்டத்தையும், பார்த்துப் பந்தெடுக்கும் சிறுவர்களையும், எப்படி அளப்பது? நெல்லுக்குச் சரியாக இருக்கும் மரக்கால் இதற்கு உதவாது. இரண்டாவது, டிராஃப்ட் இல்லாத இந்தியாவில், ஏலமும் குறுகிய ஒப்பந்தமும் சேர்ந்து அணிகளின் பொறுமையைக் குறைக்கின்றனவா? அப்படித் தோன்றுகிறது, ஆனால் போதிய பருவங்கள் ஓடிப் பார்க்காமல் அறுதியிட முடியாது. மூன்றாவது, கோவை போன்ற ஊர் தன் ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கப் போராட வேண்டுமா, அல்லது நாற்றங்காலாக இருந்து, அனுப்பும் ஒவ்வொரு நாற்றுக்கும் உரிய பங்கைக் கேட்டு வாங்க வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு ஒரு கருவி ஏற்கனவே இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த மன்றங்களுக்குப் போக வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதன்பின் ஆண்டுக்கு 0.5 சதவீதம். காரமடையில் ஒரு மன்றம் ஒரு பையனை அந்த முதல் 4 ஆண்டுகள் வளர்த்து, அவன் பின்னாளில் 1 கோடிக்கு வெளிநாடு போனால், மன்றத்துக்கு 1 லட்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் பந்துகளுக்கும் வலைக்கும் ஒரு பயிற்சியாளரின் சில மாதச் சம்பளத்துக்கும் ஆகும்.

நிபந்தனை இரண்டுதான். மன்றம் முறைப்படி கால்பந்துச் சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும். அந்தப் பையன் 12 வயதிலேயே அதன் ஆட்டக்காரராகப் பதிவாகியிருக்க வேண்டும். பள்ளி மைதானத்தில் பெயரில்லாமல் ஆடி வளர்ந்தவன் எத்தனை கோடிக்குப் போனாலும் அவன் ஊருக்கு ஒன்றும் வராது. பெரிய அணிகள் எதிர்காலத்தை விலை கொடுத்து வாங்கலாமா என்ற விவாதம் இன்னும் நெடுநாள் நடக்கும். நம் ஊர்ச் சிறு மன்றங்கள் அதை வாங்கத் தேவையில்லை. தம்மிடம் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினால், அதில் தமக்குரிய பங்காவது கைவிட்டுப் போகாமல் இருக்கும்.